தனலெட்சுமியின் கிளாம்ப் சரியாகத்தான் இருந்தது

செய்தி வந்தபோது என் இடது கையில் இரத்த அழுத்தக் கருவியின் பட்டை இறுகிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம் விட்டு இன்னொருமுறை பார்த்துக் குறித்துவைப்பது என் வழக்கம். மேசைமேல் இருந்த கைப்பேசி ஒளிர்ந்தது. நம் பழைய பணியாளர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: "தனம் அக்கா விடியக்காலைல தவறிட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு பந்திங் வீட்ல இருந்து எடுக்கிறாங்க." பட்டை தளர்ந்து எண்கள் வந்தன. நான் அவற்றைக் குறிக்கவில்லை.

முன்னாள் பணியாளர்களுக்கான இந்த மலரைப் படிப்பவர்களில் பாதிப்பேருக்காவது தனலெட்சுமியைத் தெரிந்திருக்கும். கிள்ளானில் நம் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். முதல் பதின்மூன்று ஆண்டுகள் இழுவைச் சோதனை இயந்திரத்தில், அதன்பின் மாதிரிகள் வைக்கும் அறையில். ஏன் இயந்திரத்தை விட்டுப் போனார் என்று கேட்டால் நம் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தப் பதில் தவறு. இறந்தவரைப் பற்றி எழுதும் இடத்தில் எழுதுகிறவன் தன்னைப் பற்றிப் பேசுவது அழகல்ல என்பதை அறிவேன். ஆனால் என்னை ஒதுக்கிவிட்டு அவரைப் பற்றிய உண்மையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து பழைய நண்பர் ஒருவரின் காரில் பந்திங் போய்ச் சேர்ந்தேன். வீட்டு முன்னால் சாலையை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். நம் முன்னாள் மேலாளர் சந்திரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நம்மவர்கள். அவர் சொன்னார்: "நல்ல பொம்பள லா. கை சுத்தம், வாய் சுத்தம். அந்தக் கிளாம்ப் விஷயத்துல மட்டும் சறுக்கிட்டா."

"யாருக்கும் ஒரு தப்பு வரும்தான பாஸ்" என்றார் ஒருவர்.

"வரும், வரும். ஆனா அவ கடைசி வரைக்கும் ஒத்துக்கலையே."

என் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதன் மூடியைத் திறந்தேன், மூடினேன். மறுபடியும் திறந்தேன். தனலெட்சுமி பத்தடி தூரத்தில் படுத்திருந்தார். சந்திரனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். தெரிய வேண்டியதைத் தெரியவிடாமல் செய்தவன் பக்கத்தில் போத்தலோடு நின்றிருந்தான்.

அந்தப் பிரிவில் வேலை பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரப்பர் தகட்டிலிருந்து, இரு முனையும் அகன்று நடு ஒடுங்கிய ஐந்து துண்டுகளை வெட்டியெடுப்பார்கள். ஒவ்வொன்றின் மேல்முனையையும் கீழ்முனையையும் கிளாம்ப் என்னும் கவ்வியில் பிடித்து, அறுந்துபோகும்வரை இயந்திரம் இழுக்கும். எவ்வளவு விசை தாங்கியது, எவ்வளவு நீண்டது என்பதைக் கணினி ஒரு கோடாக வரையும். கிளாம்பைத் தளர்வாக முடுக்கினால் துண்டு வழுக்கிவிடும். அதிகமாக முடுக்கினால் பல் பதிந்து, பிடித்த இடத்திலேயே முன்கூட்டி அறுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. அது எந்தக் கையேட்டிலும் இல்லை. தனலெட்சுமியின் மணிக்கட்டில் இருந்தது.

"எங்க அப்பா நாப்பது வருசம் மரத்தச் சீவி பால் எடுத்தாரு சார்" என்று ஒருநாள் சொன்னார். "நான் இங்க உக்காந்து அத இழுத்து இழுத்து அறுக்கிறேன். அவரு பாத்தாருன்னா மொதல்ல என்னத்தான் அறுப்பாரு."

மற்ற தொழில்நுட்பர்கள் இயந்திரம் ஓடும்போது திரையில் கோடு ஏறுவதைப் பார்ப்பார்கள். அவர் துண்டை மட்டுமே பார்ப்பார். இமைகூடத் தட்டமாட்டார். கேட்டால், "கோடு எங்கயும் ஓடிப்போவாது சார், அப்புறம் பாத்துக்கலாம். துண்டு ஒரு தடவதான் அறும்" என்பார்.

என் வேலை பக்கத்து அறையில். வாடிக்கையாளர்களுக்குக் கோடு தேவையில்லை, எண்களாக விரிதாளில் வேண்டும் என்று கேட்பார்கள். கிராஃப் மென்பொருளில் ஐந்து கோடுகளையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, விரிதாளில் கொண்டுவந்து ஒட்டுவேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற வரிசையில்தான் தேர்ந்தெடுப்பேன். வரிசை மாறினால் எனக்குக் கை ஓடாது. ஒட்டியதை மூன்றுமுறை சரிபார்ப்பேன். இது தனலெட்சுமிக்குப் பெரிய வேடிக்கை. ஒருநாள் மதியம், "சார் நாசி லெமாக் பொட்டலத்துல கச்சான எண்ணிட்டுத்தான் சாப்பிடுவாரு" என்று எல்லோர் முன்னும் சொன்னார். "இன்றைக்குப் பதினாலு கடலை" என்றேன், உண்மையிலேயே எண்ணியிருந்ததால். இரண்டு நாள் சிரித்தார்.

பதின்மூன்றாம் ஆண்டில் அவர் பெயரை ஒரு பெரிய காரியத்துக்குப் பரிந்துரைத்தார்கள். சோதனை அறிக்கையின் அடியில் கையெழுத்திடும் உரிமை. அதுவரை பட்டம் பெற்றவர்கள் மட்டுமே அந்த இடத்தில் கையெழுத்திட்டார்கள். தோட்டத்துப் பள்ளியில் படித்து, மாலை வகுப்பில் சான்றிதழ் வாங்கிய ஒருவருக்கு அது கிடைப்பதாக இருந்தது. பரிந்துரைத்தவரும் இதே சந்திரன்தான். நேர்காணலுக்கு ஒரு மாதம் இருந்தது. நான் வாழ்த்தினேன். அவர் கொஞ்சம் யோசித்து, "பேரு போட்டா பொறுப்பு சார். இப்ப தப்பு வந்தா டெக்னீஷியன்னு சொல்றாங்க. இனிமே தனலெட்சுமின்னு சொல்லுவாங்க. சொல்லட்டும், அதுதான நாயம்" என்றார்.

அந்த மாதம்தான் ரவாங்கிலிருந்த ஒரு தொழிற்சாலையின் ரப்பர் மாதிரி வந்தது. படகுத்துறைச் சுவரில் கப்பல் மோதாமல் பொருத்தும் தடுப்புக்கானது. தனலெட்சுமி ஐந்து துண்டுகளையும் இழுத்தார். இழுப்பதற்கு முன்பே என் அறை வாசலில் வந்து, "மொத துண்டுல ஓரமா ஒரு சின்னக் கீறல் இருக்கு சார், குறிப்புல எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன். பிறகு வழக்கம்போல ஐந்து கோடுகளையும் விரிதாளுக்கு மாற்றினேன். மூன்றுமுறை சரிபார்த்தேன். ஐந்து துண்டுகளும் தேவையான நீளத்தில் பாதியைக்கூட எட்டாமல் அறுந்ததாக அறிக்கை போனது.

தொழிற்சாலைக்காரர்கள் நம்பவில்லை. அதே தகட்டை வேறொரு சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே நன்றாகத் தேறியது. கடிதம் வந்தது. அப்படியானால் தவறு நம்மிடம்தான். சந்திரன் என் விரிதாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அஞ்சும் ஒரே நீளத்துல அறுந்திருக்கு, பாரு. ரப்பர் கோளாறுன்னா ஒன்னு முன்ன, ஒன்னு பின்ன அறும். இது கிளாம்ப் கடிச்சிருக்கு. டைட்டா முடுக்கிட்ட."

"இல்ல சார். மொத துண்டு மட்டும்தான் சீக்கிரம் அறுந்துச்சு. மத்த நாலும் நல்லா நீண்டு, நடுவுல அறுந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"துண்டு எங்க?"

"வாரக் கடைசில குப்பைல போட்டுட்டாங்க சார். அதான ரூல்."

சந்திரன் என் பக்கம் திரும்பினார். "டேட்டா சரிதானா?"

"மூன்று தடவை பார்த்தேன்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் மூலக் கோடுகளைத் திறந்து பார்க்கவில்லை. நான் மூன்று தடவை பார்த்தேன் என்றால் அது முடிந்த விஷயம். அப்படி ஒரு பெயர் எனக்கு இருந்தது. தனலெட்சுமி என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. துண்டைப் பார்ப்பதுபோல, இமைக்காமல். அடுத்த வாரம் அவரை மாதிரி அறைக்கு மாற்றினார்கள். நேர்காணல் ரத்தானது.

ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து, புதிதாக வந்த தொழில்நுட்பர் இழுத்த ஒரு மாதிரியை நான் மாற்றிக்கொண்டிருந்தேன். அன்றும் முதல் துண்டு சீக்கிரமே அறுந்திருந்தது. ஒட்டி முடித்துவிட்டு விரிதாளின் அடிக்குப் போனேன். ஐந்து நிரல்களும் ஒரே வரிசையில் முடிந்திருந்தன. பக்கத்துத் திரையில் கிராஃப் திறந்தபடி இருந்தது. அதில் நான்கு கோடுகள் முதல் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தன.

எனக்கு விளங்கியது. பல கோடுகளைச் சேர்த்து நகலெடுக்கும்போது, எதை முதலில் தேர்ந்தெடுக்கிறோமோ அதன் நீளத்தையே அந்த மென்பொருள் எல்லாவற்றுக்கும் எல்லையாக வைத்துக்கொள்கிறது. அதற்குமேல் இருப்பதை வெட்டிவிடுகிறது. எச்சரிக்கை எதுவும் காட்டுவதில்லை. வழக்கமாக ஐந்து துண்டுகளும் ஏறத்தாழ ஒரே நீளம் போவதால் அதுவரை கண்ணில் படவில்லை. ஒழுங்கில்லாத ஒருவன் கைக்கு வந்தபடி தேர்ந்தெடுத்திருந்தால், நீண்ட கோடு ஒன்று முதலில் விழுந்து, எல்லாம் முழுதாக வந்திருக்கலாம். நான் ஒழுங்கானவன். மூன்றுமுறை சரிபார்த்தேன், உண்மை. மூன்றுமுறையும் விரிதாளை விரிதாளோடுதான் ஒப்பிட்டிருக்கிறேன்.

ரவாங் மாதிரியின் பழைய கோப்பைத் திறந்தேன். இரண்டாம் துண்டு, மூன்றாம் துண்டு, நான்காம் துண்டு, ஐந்தாம் துண்டு. நான்கும் அவர் சொன்னதுபோலவே நீண்டிருந்தன. நான்கும் தேறியிருந்தன. கோப்பை மூடினேன்.

அப்போது எனக்கு அறுபது முடிந்திருந்தது. ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கும் ஒப்பந்தத்தில் இருந்தேன். ஒப்பந்தம் போனாலும் பட்டினி கிடந்திருக்க மாட்டேன். என் பயம் வேறு. நான் மூன்று தடவை பார்த்தேன் என்றால் இனி யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயம். என்னிடம் வேறு சொத்து இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

அதனால் ஒரு கோழை செய்யக்கூடிய மிக ஒழுங்கான காரியத்தைச் செய்தேன். அளவுகளை விரிதாளுக்கு மாற்றும் செயல்முறைத் தாளைத் திருத்தி எழுதினேன். நான்காவது படியாக ஒன்றைச் சேர்த்தேன்: "ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக நகலெடுக்கவும். சேர்த்து நகலெடுக்கக் கூடாது. கடைசி வரிசையை மூலக் கோட்டின் முனையோடு ஒப்பிடவும்." காரணம் எழுதவில்லை. சந்திரனிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் படிக்காமலே போட்டார். அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மாதிரி அட்டைகளைக் கொடுக்கத் தனலெட்சுமி என் அறைக்கு வந்தார். திரும்பும்போது பலகை முன் நின்றார். அவர் இயந்திரத்தில் இல்லை, அந்தத் தாளைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. நின்று படித்தார். வெகுநேரம் படித்தார்.

"சார், இந்த நாலாவது படி புதுசா?"

"ஆமாம் தனம்."

"எதுக்கு சார்?"

"சும்மா, ஒரு எச்சரிக்கைக்கு."

அட்டைப்பெட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். "நல்லது சார். இழுக்கிற பிள்ளைங்களுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் புரிந்துவிட்டதா என்று நான் பல ஆண்டுகள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். புரிந்திருக்காது என்று நம்புவது வசதியாக இருந்தது. அதன்பிறகும் அவர் என்னிடம் எப்போதும்போலவே பேசினார். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்தார். நான் ஓய்வுபெற்ற நாளில், "சார், இனிமே வீட்ல அக்காவ எண்ண விட்டுட்டு நீங்க சும்மா சாப்பிடுங்க" என்று என் மனைவியையும் சேர்த்துக் கேலி செய்தார். மாதிரி அறை எவ்வளவு சீராக இருந்தது என்பதை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். எந்த மாதிரியைக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார். அங்கே போன பிறகு அவர் செய்த ஒரு மாற்றமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: அறுந்த துண்டுகளை வாரக் கடைசியில் எறியாமல், உறையிலிட்டு ஓராண்டு வைத்திருக்க அனுமதி வாங்கினார். அது ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தவன் நான் ஒருவன்.

அவருடைய சிறுநீரகம் பழுதான பிறகு, கிள்ளானில் இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு ஒருமுறை போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று, சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கையில் ஒரு பை ஆரஞ்சு. அவர் பையைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தாதி எட்டிப்பார்த்தாள்.

"கிட்னிக்காரிக்கு ஆரஞ்சு கொண்டாந்த ஒரே ஆளு நீங்கதான் சார். இத தின்னா இன்னிக்கே அனுப்பி வச்சிருவீங்க."

வெட்கப்பட்டுப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேத்தியைப் பற்றி, பந்திங் சாலையில் நடக்கும் வேலையைப் பற்றி. நான் எழுந்தபோது அவர் கேட்டார்: "வேற ஏதாச்சும் சொல்லணுமா சார்?"

சட்டைப்பையைத் தொட்டேன். "ஒன்றுமில்லை தனம். உடம்பைப் பார்த்துக்குங்க."

"சரி சார்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. ஆரஞ்சை நிலையத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு மறுபடியும் பந்திங் போனேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவர் கணவர் மணியத்தைத் தேடிப் பின்பக்கம் போனேன். லோரி ஓட்டி ஓய்ந்தவர். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மென்பொருள், முதல் கோடு, வெட்டுப்பட்ட நான்கு கோடுகள், பழைய கோப்பு. இடையில் அவர் நாற்காலி அடுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார்" என்றார். "அவளுக்கும் தெரியும். ஏதோ தாளு ஒட்டுனீங்களாமே, அன்னைக்கு ராவே வந்து சொன்னா."

அவர் அடுக்கிய நாற்காலிகளில் ஒன்றை எடுத்து எனக்குப் போட்டார்.

"போயி கேளுடின்னேன். நான் வரேன், நான் கேக்குறேன்னுகூட சொன்னேன். விடமாட்டேன்னுட்டா. 'அந்த சாரு எதையும் மூணு தடவ பாத்துட்டுத்தான் குடுப்பாரு. லேட்டாவும். ஆனா குடுப்பாரு'ன்னா. வருசா வருசம் இதேதான் சொன்னா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்குக் கூடாரத்துல உங்க பெரியவரு பேசினத நானும் கேட்டேன், எம் மவளும் கேட்டா. அவங்களுக்குச் சொல்லுங்க. அங்க இருந்த அத்தன பேருக்கும் சொல்லுங்க."

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் சந்திரனிடம் சொல்வது முறை என்று தொலைபேசியில் அழைத்தேன். முழுதும் கேட்டார். "நான் அந்த ஃபைலத் திறந்து பாத்திருக்கலாம் லா. உங்கள நம்பினேன்" என்றார். பிறகு, "எழுதுங்க. எம் பேரையும் போடுங்க" என்றார்.

நண்பர்களே, அந்த ஐந்து துண்டுகளையும் தனலெட்சுமி சரியாகப் பிடித்தார், சரியாக இழுத்தார், சரியாகப் பார்த்தார், பார்த்ததைச் சரியாகச் சொன்னார். பெயர்த்து எழுதியவன்தான் வெட்டிவிட்டான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இனி யாரும் குறையாகச் சொல்ல வேண்டாம். ஒத்துக்கொள்ள வேண்டியவன் அவரல்ல.

கருமாதியன்று நான் புறப்படும்போது மணியம் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து காட்டினார். கையெழுத்து உரிமைக்கான விண்ணப்பம். நேர்காணலுக்காக நிரப்பி, அனுப்பாமலே நின்றுபோனது. மாதிரிக் கையெழுத்துக்கான மூன்று கட்டங்களிலும் நீல மையில் தனலெட்சுமி என்று தமிழில் எழுதியிருந்தார். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மகள் என் கைப்பேசியை வாங்கி, அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று அந்தப் படம். மற்றது, நான் சொல்லிவிடுவேன் என்று பத்தாண்டுக்கு மேல் அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை. அதற்கு நான் தகுதியானவன் அல்ல. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ள அவர் இல்லை.